கொப்பரை அடுப்பருகே சொன்ன பெயர்

அன்புள்ள மாமா,

இன்று காலை அப்பாவின் தோட்டத்தில் மஞ்சள் வேக ஆரம்பித்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அந்த ஆவி மூக்கில் ஏறியதுமே, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மஞ்சள் ஆவியின் வாசம் உங்களுக்குத் தெரியாததா? பாதி மருந்து, பாதி ஈரமண். தலைமுடியில் ஏறிவிட்டால் எத்தனை தரம் குளித்தாலும் லேசில் போகாது.

இப்போதெல்லாம் அப்பா அடுப்பு மூட்டிக் கொப்பரையில் வேகவைப்பதில்லை. டிராக்டரில் பாய்லர் வண்டியைக் கோத்துக்கொண்டு ஆள் வந்துவிடுகிறார். பேரலில் கிழங்கைக் கொட்டி ஆவியைத் திறந்துவிட்டால் வேலை முடிகிறது. பழைய கொப்பரையை வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். விற்றுவிடலாமே என்று அம்மா கேட்டால், "கெடக்கட்டும்" என்பதோடு சரி. அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு உங்கள் பேத்தி எழில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு வந்துவிட்டாள், மாமா. உங்கள் மூக்கு, உங்கள் வாய். வாய் என்றால் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் முதன்முதலில் உங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் மகனும் நானும் சேலத்தில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம். கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தோம். சூரமங்கலத்தில் உங்கள் வீட்டு கேட்டில் ஒரு மரப்பலகை தொங்கியது. நீல நிறத்தில் 'ஃபூர்னியே' என்று எழுதி, அதற்கு மேலே சின்னதாக ஒரு கிரீடம் வரைந்திருந்தது. அந்தத் தெருவில் ரயில்வேக்காரர்களும் ஆரோக்கியசாமிகளும் லூர்துமேரிகளும்தான் இருந்தார்கள். நடுவில் இது என்ன, இத்தாலிக்காரன் கடை மாதிரி என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று, "இது யாருங்க மாமா?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். கூட்ஸ் ரயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். பச்சைக்கொடி கிடைத்தபிறகு கேட்கவா வேண்டும்? காபி ஆறி, ஏடு படிந்து, அத்தை அதை எடுத்துக்கொண்டு போய் வேறு காபி கொண்டுவந்த பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை.

உங்கள் பாட்டனாருடைய அப்பா பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாதி வழக்கங்களை விட்டுவிடுகிறேன், இனி எனக்கும் என் வம்சத்துக்கும் பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போடலாம். போட்டால் கூடவே குடும்பத்துக்கென்று ஒரு பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்த பெயர்தான் ஃபூர்னியே. இதுவரைக்கும் நீங்கள் சொன்னது உண்மை. அதற்கப்புறம் உங்கள் கற்பனை வண்டி புறப்பட்டுவிடும். ஃபூர்னியே என்பது பிரான்சில் நாலைந்து அரண்மனைகளில் மட்டும் இருக்கும் பெயர் என்பீர்கள். கவர்னருக்கு உறவான ஒரு பிரபு உங்கள் கொள்ளுத்தாத்தாவின் நேர்மையைப் பார்த்துத் தன் பெயரையே தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பீர்கள். பிரபுவின் குதிரை என்ன நிறம் என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் பெயர் விஷயம் வேறு மாதிரி. அப்பா பெயர் பெரியசாமி, நான் பெ. போட்டுக்கொண்டால் முடிந்தது. குலமும் கோயிலும் ஊருக்குத் தெரியும். பெயரில் எழுதிக்கொண்டு திரியத் தேவையில்லை. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயருக்கு மேலே அந்தக் கிரீடத்தை அச்சடித்திருந்தீர்கள். நான் அதைத் தபாலில் அனுப்பினேன். அப்பா படித்துவிட்டுப் பரணில் போட்டுவிட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. அதன் பிறகு பேசவும் இல்லை. அம்மா மட்டும், அவர் தண்ணீர் பாய்ச்சப் போன நேரம் பார்த்து, என்னிடம் போனில் பேசுவாள். "என்ன பேருடி அது, வெள்ளைக்காரன் பேரு, வாயிலயே நொழைய மாட்டேங்குதுன்னு உங்கப்பன் சொல்றாரு" என்பாள். அவருக்கு என் மேல் இருந்த கோபத்தை என் மேல் காட்ட மனசில்லை. அந்தப் பெயரின் மேல் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் உங்கள் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆபீஸிலும் வங்கியிலும் பெ. தான். உங்களுக்கு அதில் வருத்தம் இருக்குமோ என்று பயந்து, ஒருநாள் நானே பேச்செடுத்தேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பேரு போட்டுக்கறது உன் இஷ்டம்மா. சாப்பாடு மட்டும் இந்த வீட்டுல" என்றீர்கள். மாமா, புகுந்த வீட்டில் எனக்கு யாரும் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அதுதான். அன்று ராத்திரி நான் அழுததை உங்கள் மகனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

எழில் பிறந்தாள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் நடக்க வேண்டியது. எனக்குச் சேலத்து ஆஸ்பத்திரியில் நடந்தது. பிள்ளைக்கு எழில் ஃபூர்னியே என்று பெயர் வைப்பது என்று முடிவானபோது, அந்த ஃபூர்னியே என்னதான் சொல்கிறது பார்ப்போமே என்று போனில் தேடினேன். பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் எதிர் நாற்காலியில். சத்தமாகவே படித்தேன். அடுப்பு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தக் காலத்தில் பிரான்சில் வீட்டுக்கு வீடு ரொட்டி அடுப்பு கிடையாதாம். ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய அடுப்பு. எல்லோரும் பிசைந்த மாவைக் கொண்டுவந்து அங்கேதான் சுட்டுக்கொண்டு போவார்களாம். அந்த அடுப்பை எரியவைத்துப் பார்த்துக்கொள்கிறவன்தான் ஃபூர்னியே. ஊருக்கு ஒரு அடுப்பு, அடுப்புக்கு ஒரு ஆள் என்பதால் நாடு முழுக்க ஃபூர்னியேக்கள் பெருகிவிட்டார்கள். மிகச் சாதாரணமான, எங்கு பார்த்தாலும் இருக்கிற பெயர்களில் அதுவும் ஒன்று.

உங்கள் முகத்தைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்தினேன். "சாதாரணம்னா எப்படி? உங்கப்பா பேரு மாதிரியா?" என்று கேட்டீர்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று பெரியசாமி என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நான்தான் உங்களிடம் முன்பு கேலியாகச் சொல்லியிருந்தேன். ஆமாங்க மாமா, அதே மாதிரிதான் என்றேன். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். அடுப்பு என்றதுகூட உங்களைச் சுடவில்லை. இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை.

மறுநாள் கேட்டில் பலகை இல்லை. கழுவுவதற்காக எடுத்தேன் என்றீர்கள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். பலகை பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பிரபு கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டீர்கள். பால்காரர் அவராகவே குதிரையைப் பற்றிக் கேட்டபோதுகூட, "அதெல்லாம் பழைய கதைப்பா" என்று விட்டுவிட்டீர்கள். வீடே சத்தமில்லாமல் போயிற்று. அந்தப் பிரபுவை நான்தான் கொன்றுவிட்டேன் என்று உங்கள் மகன் என்னைக் கிண்டல் செய்தார். எனக்கு உண்மையிலேயே அந்தக் குதிரை மேல் ஒரு பிரியம் வந்திருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த போனைக் கொஞ்சம் எடும்மா, நம்ம ஆளுங்க இன்னும் யார் யார் இருக்காங்கன்னு பார்ப்போம்" என்றீர்கள். அன்றிலிருந்து அது நமக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. எங்கோ ஒரு சின்ன ஊரில் பல் டாக்டர் ஃபூர்னியே, சைக்கிள் ரிப்பேர் கடை ஃபூர்னியே, குண்டாக ஒரு நர்ஸ் அம்மா ஃபூர்னியே. ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பீர்கள். "இவனும் நம்ம பங்காளிதான்" என்பீர்கள். சொட்டைத் தலைக்காரர் ஒருவரைப் பார்த்து, பெரியப்பா பையன் சாடை அப்படியே இருக்கிறது என்று அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். நாலைந்து அரண்மனையோடு நின்றிருந்த சொந்தம் ஒரு தேசம் முழுக்கப் பரவிவிட்டதில் உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தோஷம் வந்துகொண்டிருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆனால் அப்பா பிள்ளையைப் பார்க்க வரவில்லை. மாதங்கள் ஓடின, எழில் குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டாள். அம்மா ஒருத்தி மட்டும் ராசிபுரம் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள். தை மாதம். மஞ்சள் வெட்டு நடக்கிறது, வேகவைக்கப் போகிறார்கள் என்று அவள் போனில் சொன்னதை நான் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். கொப்பரையில் ஒரு ஈடு கிழங்கை ஏற்றித் தீ மூட்டிவிட்டால், அது வெந்து இறங்கும்வரை அடுப்புக்கு உரியவர் எழுந்து போகக்கூடாது. தீ ஏறினாலும் இறங்கினாலும் கிழங்கு கெட்டுவிடும். அப்பா சாப்பாட்டைக்கூட அங்கேயே வாங்கிச் சாப்பிடுவார் என்று ஏதோ பழைய நினைப்பில் சொன்னேன். நீங்கள் ரசத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தீர்கள். "அப்போ அடுப்பு எரியறப்போ உங்கப்பா எந்திரிச்சுப் போக முடியாது?" என்று கேட்டீர்கள். முடியாதுங்க என்றேன். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பையில் பிஸ்கட்டும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டு தயாராக நின்றீர்கள். உங்கள் மகன் வர வேண்டாம், அவரும் அப்பாவும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று சொல்லிவிட்டீர்கள். நான், பிள்ளை, நீங்கள். ராசிபுரத்தில் பஸ் மாறினோம். நீங்கள் பிள்ளைக்கு ஆரஞ்சுச் சுளையை நசுக்கி வாயில் தடவிக்கொண்டே வந்தீர்கள்.

வரப்பில் நாம் வருவதை அப்பா தூரத்திலேயே பார்த்துவிட்டார். எழுந்தார். அடுப்பைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டார். அந்த எழுந்து உட்கார்ந்த இடைவெளியில் எனக்கு உயிர் போய் வந்தது. கொப்பரைக்கு மேல் சாக்கு மூடியிருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாக ஆவி. அம்மா தோட்டத்துச் சாளை வீட்டிலிருந்து ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். உங்களுக்கென்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள். நீங்கள் அதில் உட்காராமல், அப்பாவுக்கு எதிரே, எரிக்க வைத்திருந்த கரும்புச் சோகைக் கட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தீர்கள். தண்ணீர் கொடுக்கும்படி அப்பா ஆளிடம் சைகை காட்டினார். வீடு தேடி வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது. நீங்கள் குடித்தீர்கள்.

அப்பா தீயைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். "பொண்ணை நான் குடுக்கலீங்க, அவளாத்தான் வந்தா. ஆனாலும் கேக்கறனுங்க. நீங்க என்ன ஆளுங்க? அந்தப் பேருக்கு என்னதானுங்க அர்த்தம்?"

நீங்கள் பிரபு கதையை எடுத்துவிட்டால் போதும், அப்பா எங்கள் மாட்டுத் தொழுவத்திலிருந்து தோட்டத்து எல்லை வரைக்கும் தன் பெருமையைச் சொல்லுவார். இரண்டு பெருமையும் மோதி அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அந்தக் கதையை நம்பியபடி நீங்கள் அங்கே வந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

"எங்க முப்பாட்டன், என்ன ஆளுங்கறதை விட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுத்தாங்க இந்தப் பேரை எடுத்தாரு. அதனால அது எனக்குத் தெரியாது. நான் தேடவும் இல்லை" என்றீர்கள். அப்புறம் அந்தக் கொப்பரையைக் கையால் காட்டினீர்கள். "பேருக்கு அர்த்தம் அடுப்புக்காரன். ஊருக்குப் பொது அடுப்பு வச்சுப் பார்த்துக்கறவன். நான் இவ்வளவு நாளும் ராஜா வம்சம்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். உங்க பொண்ணுதாங்க அடுப்பைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துச்சு."

அப்பா உங்களைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக உங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த சோகைக் கட்டைக் காலால் உங்கள் பக்கம் நகர்த்தினார். "அப்பறம் என்னங்க சும்மா உக்காந்துட்டு? தள்ளி உடுங்க" என்றார்.

நீங்கள் தள்ளினீர்களே, மாமா! பாதிச் சோகையை ஒரேயடியாகச் சொருகி, தீ குபீரென்று வெளியே வந்து, உங்கள் வெள்ளைச் சட்டையின் கைப்பக்கம் கருகியது. கண்ணீர் வழியப் பின்னால் சாய்ந்தீர்கள். அப்பா சிரித்தார். நான் வீட்டை விட்டு வந்த பிறகு அவர் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுக்க, நீங்கள் மறுபடியும் தப்பாகப் போட, அவர் மறுபடியும் திட்ட, அந்த ஈடு வெந்து இறங்கும்வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தீர்கள். குச்சியால் கிழங்கைக் குத்திப் பார்த்து வெந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா எழுந்தார். மஞ்சள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினார். என்ன பேரு என்று கேட்டார். எழில் ஃபூர்னியே என்று நீங்கள் சொன்னீர்கள். "எழிலு" என்று மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிள்ளையின் கன்னத்தில் மஞ்சள் ஒட்டியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். எல்லாம் சரி, அந்தப் பெயரை மட்டும் விழுங்கிவிட்டாரே என்றேன். அந்தப் பெயர் என் பிள்ளையினுடையது. அதை என் அப்பா வாயால் ஒருமுறை சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு பிடிவாதம். கருகிய சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே நீங்கள், "பாதி வாங்கிக்கிட்டாரும்மா. மீதி மெதுவா வரும்" என்றீர்கள்.

அப்பா அதன் பிறகு சேலத்துக்கு வந்தார், விருந்து சாப்பிட்டார், உங்கள் மகனிடம் மழையைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசினார். பலகையும் கேட்டுக்குத் திரும்பி வந்தது. கிரீடத்தைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் எரிகிற அடுப்பு ஒன்றை வரையச் சொல்லியிருந்தீர்கள். சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, மீல்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி உட்காரவைத்து, அத்தையிடம் சைகை காட்டி, அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினீர்கள். காசு எவ்வளவு என்று அவர் கேட்டபோது உங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிரபுவின் குதிரைக் கதையைவிட அந்த மீல்ஸ் கதையை நீங்கள் அதிகம் சொன்னீர்கள்.

ஆனால் அப்பாவுக்கு நீங்கள் எப்போதும் 'சேலத்துச் சம்பந்தி' தான். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் நான் போய்விட்டது உறுதியாகிவிடும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. போன வருஷம் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது, பூசைக்கும் வந்து, மண் போடும்வரைக்கும் நின்றார். எல்லோரும் போன பிறகு சிலுவையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கு எனக்கு உங்களுக்காக அழுவதா, அதற்காக அழுவதா என்று தெரியவில்லை.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பாய்லர்க்காரர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். எங்கள் தோட்டத்துக்குப் புதிது. பேரலில் ஆவி ஏறிக்கொண்டிருந்தபோது, கொப்பரை மேல் உட்கார்ந்திருந்த எழிலைப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுப் பொண்ணு என்று அப்பாவிடம் கேட்டார். நான் சாளை வாசலில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எப்போதும் போல மகள் வயிற்றுப் பேத்தி என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா சொன்னார்: "ஃபூர்னியே வூட்டுப் புள்ளைங்க. எங்க சம்பந்தியூடு. ஊருக்கே அடுப்புப் பாத்தவங்க."

அவர் வாயில் அந்தப் பெயர் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. பாய்லர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வால்வைத் திருகப் போய்விட்டார். அப்பா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆவி கண்ணைக் கரிக்கிறது என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். எழில் ஒன்றுமே நடக்காத மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது அவள் பெயர், அவ்வளவுதானே. நான் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

நான் இன்னும் பெ. தான் போட்டுக்கொள்கிறேன், மாமா. அதை மாற்றும் எண்ணம் இல்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டு அடுப்பு என்னிடம்தான் இருக்கிறது. பசியோடு யார் வந்து நின்றாலும், பெயரோ ஊரோ கேட்பதற்கு முன்னால் உட்காரச் சொல்லிவிடுகிறேன். கருகிய கைப்பக்கத்தோடு உங்கள் வெள்ளைச் சட்டையையும் மடித்து வைத்திருக்கிறேன்.

உடனே உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல இடமில்லாமல் எழுதுகிறேன்.

மீதி வந்துவிட்டது, மாமா.